சர்வதேச நீதி, மனித உரிமைத் துறையில் இன்டர்ன்ஷிப்: சட்ட மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்சி ஒருவர் மூன்று நாட்கள் சாட்சியம் சொல்லியிருக்கிறார். எழுத்துப் பதிவில் அது 300 பக்கம். தாக்குதல் நடந்த நாளைப் பற்றி அவர் எங்கெங்கே பேசுகிறார், முன்பு விசாரணையாளரிடம் கொடுத்த வாக்குமூலத்தோடு அது பொருந்துகிறதா, பொருந்தாவிட்டால் அதற்கு அவரே ஏதாவது காரணம் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்த்ததைப் பக்க எண், வரி எண்ணோடு இரண்டு பக்கக் குறிப்பாக மாலைக்குள் கொடுக்க வேண்டும். சர்வதேசக் குற்ற வழக்குகளில் பயிற்சிக்குப் போகும் சட்ட மாணவரின் கைக்கு வரும் வேலை பெரும்பாலும் இந்த மாதிரிதான். வாதம் செய்யும் இடத்துக்கு அவர் போவதில்லை. ஆனாலும் அந்தக் குறிப்பில் ஒரு தேதி பிசகினால், உயிரைப் பணயம் வைத்துப் பேச வந்த ஒருவர் பொய் சொன்னதுபோல் ஆகிவிடும்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் பலர் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து விண்ணப்பிக்கிறார்கள். என் கருத்து வேறு. எந்த வேலை உங்கள் கைக்கு வரும், அதைச் செய்ய இப்போதே உங்களுக்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த வரிசையில்தான் வருகிறது.

முதல் படி: எந்த மாதிரி வேலை என்று முடிவு செய்யுங்கள்

"சர்வதேச நீதி" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். உள்ளே போனால் தனித்தனி உலகங்கள்.

தி ஹேக் நகரின் அமைதி மாளிகையில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிப்பது. 15 நீதிபதிகள், 9 ஆண்டுப் பதவிக்காலம். தனிமனிதர் அங்கே வழக்குப் போடவும் முடியாது, குற்றவாளிக் கூண்டில் நிற்கவும் முடியாது. அதே நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் முற்றிலும் வேறு அமைப்பு. 1998 ஜூலை 17 அன்று ஏற்கப்பட்டு, 2002 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ரோம் சட்டத்தால் உருவானது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், ஆக்கிரமிப்புக் குற்றம் ஆகிய நான்குக்கும் தனிமனிதர்களைப் பொறுப்பாக்குகிறது. அது ஐ.நா.வின் அங்கமும் இல்லை. இந்த இரண்டு நீதிமன்றங்களையும் குழப்பி எழுதிய கவர் லெட்டரைத் தேர்வுக்குழு முதல் பத்தியிலேயே ஒதுக்கிவிடும்.

யூகோஸ்லாவியாவுக்காக 1993-லும் ருவாண்டாவுக்காக 1994-லும் அமைக்கப்பட்ட தீர்ப்பாயங்கள் மூடப்பட்டுவிட்டன. மிச்சப் பணிகளை ஹேக்கிலும் தான்சானியாவின் அருஷாவிலும் இயங்கும் எஞ்சிய பணிகளுக்கான பொறிமுறை ஏற்றுக்கொண்டது. அதன் பணி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி வருவதால், பயிற்சி இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனிமனிதரின் முறையீட்டில் ஓர் அரசையே விசாரிக்கும் இடம் வேண்டுமானால் பிராந்திய மனித உரிமை நீதிமன்றங்களைப் பாருங்கள்: ஸ்ட்ராஸ்பர்கில் ஐரோப்பிய நீதிமன்றம், கோஸ்டாரிகாவின் சான் ஹோசேயில் அமெரிக்க நாடுகளின் நீதிமன்றம், அருஷாவில் ஆப்பிரிக்க நீதிமன்றம். ஒரு மனு ஏற்கத்தக்கதா என்ற கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டும் வேலை இங்கே. உள்நாட்டில் இருந்த பரிகாரங்களை எல்லாம் முயன்று பார்த்தாரா, காலக்கெடுவுக்குள் வந்தாரா என்பதில்தான் பல வழக்குகள் நிற்கின்றன, விழுகின்றன.

ஜெனீவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் நீதிமன்றம் அல்ல. உடன்படிக்கைக் குழுக்கள் (மனித உரிமை உடன்படிக்கைகளை நாடுகள் பின்பற்றுகின்றனவா என்று பார்ப்பவை), சிறப்பு அறிக்கையாளர்கள் (ஒரு நாட்டையோ ஒரு பிரச்சினையையோ ஆராய ஐ.நா. நியமிக்கும் தனி வல்லுநர்கள்), உண்மை அறியும் குழுக்கள் ஆகியவற்றுக்குப் பின்னணியில் நின்று வேலை செய்யும் அலுவலகம். ஒரு நாடு தன் அறிக்கையில் சொல்வதையும், அந்நாட்டுக் குடிமக்கள் அமைப்புகள் சொல்வதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது அங்கே பயிற்சியாளரின் அன்றாட வேலை. சிறப்பு அறிக்கையாளர்கள் ஐ.நா.விடம் சம்பளம் வாங்குவதில்லை. பெரும்பாலோர் பேராசிரியர்களோ வழக்கறிஞர்களோ. சிலர் தங்கள் பல்கலைக்கழகம் வழியாகவே ஆய்வு உதவிக்கு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அதிகம் பேர் கவனிக்காத வாசல் இது.

தன்னார்வ அமைப்புகளை இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். லண்டனில் சித்திரவதைக்கு ஆளானவர்களுக்காக வாதாடும் ரிட்ரெஸ், ஜெனீவாவின் ட்ரையல் இன்டர்நேஷனல், பெர்லினில் இருக்கும் அரசமைப்பு மற்றும் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய மையம் ஆகியவை அளவில் சிறியவை. அதனாலேயே பயிற்சியாளர் வழக்கின் நடுவில் உட்கார முடிகிறது. சிரிய உளவுத்துறை முன்னாள் அதிகாரி ஒருவருக்கு மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக ஜெர்மனியின் கோப்ளென்ஸ் நீதிமன்றம் 2022 ஜனவரி 13 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்டவர்கள் அந்தத் தீர்ப்பு வரை வந்து சேர அந்த பெர்லின் மையம் பல ஆண்டுகள் துணைநின்றது. உலகளாவிய நீதி வரம்பு (குற்றம் எங்கே நடந்திருந்தாலும் வேறொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கலாம் என்ற கொள்கை) என்று வகுப்பில் படிப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க இத்தகைய இடங்களே சிறந்தவை.

இரண்டாம் படி: தகுதியையும் நாட்காட்டியையும் சேர்த்துப் பாருங்கள்

ஐ.நா. செயலகப் பயிற்சிக்கு நீங்கள் முதுகலைப் படிப்பிலோ இளங்கலையின் இறுதி ஆண்டிலோ இருக்க வேண்டும், அல்லது பட்டம் பெற்றுக் குறிப்பிட்ட காலத்துக்குள் சேர வேண்டும். காலம் 2 முதல் 6 மாதம். விண்ணப்பம் இன்ஸ்பிரா என்ற இணையவாசல் வழியாக. பெற்றோரோ உடன்பிறந்தவரோ அங்கே ஊழியராக இருந்தால் சேர முடியாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு, படிப்பை முடித்தவர்களும் முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பொதுவாக 3 முதல் 6 மாதம். ஓரளவு அனுபவம் உள்ளவர்களுக்கு வருகைதரு வல்லுநர் திட்டம் தனியாக உண்டு.

சர்வதேச நீதிமன்றத்தின் நீதித்துறை ஆய்வாளர் திட்டம் வேறு விதம். ஒரு நீதிபதியின் அறையில் ஏறத்தாழ 10 மாதம் வேலை. மாணவர் தானாக விண்ணப்பிக்க முடியாது, பல்கலைக்கழகம் முன்மொழிய வேண்டும், செலவையும் அதுவே ஏற்க வேண்டும். வசதியுள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்தது. வளரும் நாடுகளின் பல்கலைக்கழகங்கள் முன்மொழிபவர்களுக்கு உதவ 2020 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஒரு நிதியத்தை உருவாக்கியது. உங்கள் கல்லூரி இதுவரை யாரையும் முன்மொழிந்ததில்லை என்றால், இப்படி ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ நீங்களே கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து போடுங்கள். சேர வேண்டிய மாதத்திலிருந்து விசாவுக்கும் பின்னணிச் சரிபார்ப்புக்கும் மூன்று மாதம், தேர்வுக்கு மூன்று மாதம், எழுத்து மாதிரி (விண்ணப்பத்தோடு அனுப்பும் சட்டக் குறிப்பு) தயாரிக்க இரண்டு மாதம். ஆக, எட்டு மாதம் முன்பே வேலை தொடங்கியிருக்க வேண்டும். கடைசித் தேதி தெரிந்த பிறகு தொடங்குபவர்களிடம் பெரும்பாலும் நல்ல எழுத்து மாதிரி இருப்பதில்லை.

மூன்றாம் படி: பணத்தைப் பற்றி வெளிப்படையாகக் கணக்குப் போடுங்கள்

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மனித உரிமைக்காக உழைக்கும் இடங்களில் பல, உழைப்புக்கு ஊதியம் தருவதில்லை. ஐ.நா. செயலகம் பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுப்பதில்லை. பயணம், விசா, தங்குமிடம், காப்பீடு எல்லாம் மாணவர் தலையில். ஜெனீவாவில் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் வாடகை கொடுக்க முடியாமல் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதாக ஒரு செய்தி 2015-ல் உலகமெங்கும் போனது. அதன் பிறகு பேச்சு நிறைய நடந்தது. சில அமைப்புகள் மாறின. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப், உலக சுகாதார அமைப்பு ஆகியவை உதவித்தொகை தருகின்றன. குற்றவியல் நீதிமன்றத்தில் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு நிதியுதவியோடு கூடிய இடங்கள் சில உண்டு. அந்த அறிவிப்பு தனியாக வரும், போட்டி கடுமையாக இருக்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். அந்த நகரில் ஒரு அறையின் மாத வாடகை, முன்பணம், மருத்துவக் காப்பீடு, போக்குவரத்து, உணவு, விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய இருப்பு. இவற்றைக் கூட்டி, எதிர்பாராத செலவுக்கு ஒரு மாதத் தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வந்த எண்ணிக்கையை எதிரே வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் கோடைக்கால நிதி, வழக்கறிஞர் சங்க அறக்கட்டளைகள், பழைய மாணவர் அமைப்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். இடம் கிடைத்த கடிதம் கையில் இருந்தால்தான் பல நிதிகளுக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதனால் அந்தப் படிவங்களை முன்கூட்டியே நிரப்பி வைத்திருங்கள்.

கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்ற நிலை வந்தால், போக வேண்டாம் என்பதே என் யோசனை. இணையவழியில் பயிற்சி தரும் அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் நாட்டின் மனித உரிமை ஆணையத்திலோ, சித்திரவதை வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரிடமோ ஆறு மாதம் உண்மையான கோப்புகளில் உழைத்துவிட்டு வந்தவரை எந்தத் தேர்வுக்குழுவும் லேசாக ஒதுக்காது. அவருக்குச் சாட்சியோடு பேசத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. விண்ணப்பத்துக்கோ நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ ஐ.நா. எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை. பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது மோசடி.

நான்காம் படி: அடித்தளத்தைச் சரியாகப் போடுங்கள்

நூறு கட்டுரைகளை மேய்வதைவிடச் சிலவற்றை ஆழமாகத் தெரிந்துகொள்வது மேல். சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, சட்டத்தின் மூலங்கள் எவை என்று சொல்கிறது. 1969-ன் வியன்னா உடன்படிக்கையின் 31, 32-ஆம் பிரிவுகள் ஓர் ஒப்பந்தத்தை எப்படிப் பொருள்கொள்வது என்று சொல்கின்றன. ரோம் சட்டத்தில் 7, 8-ஆம் பிரிவுகளும், உள்நாட்டு நீதிமன்றம் செயல்பட்டால் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விலகி நிற்க வேண்டும் என்ற 17-ஆம் பிரிவும் முக்கியம். 7-ஆம் பிரிவில் தாக்குதல் "பரவலானதாகவோ முறைப்படுத்தப்பட்டதாகவோ" இருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த 'வோ' எத்தனை வழக்குகளின் திசையைத் தீர்மானித்தது என்று தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

பிறகு ஒரு முழுத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சுருக்கம் போதாது. என் பரிந்துரை, ருவாண்டா தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று அளித்த அகாயேசு தீர்ப்பு. சர்வதேசத் தீர்ப்பாயம் ஒன்று இனப்படுகொலைக் குற்றத்தை நிரூபித்துத் தண்டித்தது அதுவே முதல்முறை. தொடக்கக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்கொடுமை இடம்பெறவே இல்லை. விசாரணையின் நடுவே ஒரு தாய், தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் அதைக் கடந்துபோகாமல் மேலும் கேட்டார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. பாலியல் வன்கொடுமையும் இனப்படுகொலையின் கருவியாக முடியும் என்ற சட்டம் அங்கே பிறந்தது. அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் ஐ.நா. மனித உரிமைகள் உயர் ஆணையர். ஒரு சாட்சியத்தைக் கவனமாகக் கேட்பதால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குத் தெரியவில்லை.

கூடவே லுபாங்கா தீர்ப்பின் சாட்சியம் பற்றிய பகுதியையும் படியுங்கள். குற்றவியல் நீதிமன்றம் 2012 மார்ச் 14 அன்று வழங்கிய முதல் தீர்ப்பு அது. 15 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைப் போரில் ஈடுபடுத்திய வழக்கு. குற்றம் சாட்டும் வழக்குரைஞர் தரப்பு விசாரணைப் பொறுப்பை இடைத்தரகர்களிடம் விட்டதை நீதிபதிகள் கடுமையாகக் கண்டித்தார்கள், முன்னாள் சிறார் போராளிகள் பலரின் சாட்சியத்தை நம்ப மறுத்தார்கள். தண்டனை கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் குழந்தைகளின் குரல் தீர்ப்பின் அடித்தளமாக நிற்கவில்லை.

தீர்ப்புகள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஹூடாக், குற்றவியல் சட்டத்துக்கு லீகல் டூல்ஸ் தரவுத்தளம். ஆதாரம் திரட்டும் முறைக்கு மூன்று நெறிமுறைகள்: சித்திரவதையை ஆவணப்படுத்த இஸ்தான்புல், சந்தேக மரணங்களுக்கு மின்னசோட்டா, இணையத்தில் கிடைக்கும் படங்கள், காணொளிகளுக்கு 2020-ல் வந்த பெர்க்லி. மொழியைப் பொறுத்தவரை ஆங்கிலமும் பிரெஞ்சும் ஹேக் நீதிமன்றங்கள் இரண்டின் வேலைமொழிகள். பிரெஞ்சு வாசிக்கும் அளவுக்காவது தெரிந்தால் பெரிய பலம். மோதல் நடந்த பகுதியின் மொழி தெரிந்திருந்தால், அது தாய்மொழியே ஆனாலும், சி.வி.யில் தெளிவாக எழுதுங்கள். பலர் அதை ஒரு தகுதியாகவே நினைப்பதில்லை.

ஐந்தாம் படி: எழுத்து மாதிரி

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பருவத் தேர்வுக்கு எழுதிய கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். ஐந்து முதல் பத்து பக்கம், ஒரே ஒரு சட்டக் கேள்வி. உதாரணத்துக்கு: "தளபதி நேரில் உத்தரவிடாதபோது, தடுக்கத் தவறியதற்காக ரோம் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் கீழ் எப்போது பொறுப்பாவார்?" கேள்வியை முதலில் வையுங்கள். உங்கள் விடையை அதற்கு அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதன்பின் விதி, தீர்ப்புகள், உண்மைகளோடு பொருத்திப் பார்ப்பது, எதிர்வாதம். எதிர்வாதத்தை எழுதும்போது நேர்மை வேண்டும். நீங்கள் தோற்கக்கூடிய இடம் எது என்று காட்டுபவரைத்தான் மேலதிகாரி நம்புவார்.

அடிக்குறிப்பு ஒவ்வொன்றையும் மூலத்தில் திறந்து சரிபாருங்கள். வேறொருவர் மேற்கோள் காட்டியதிலிருந்து மேற்கோள் காட்டினால் எங்கோ ஓரிடத்தில் பிடிபடுவீர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத தீர்ப்புகளை இருப்பதாகச் சொல்லக்கூடியவை. ஒரேயொரு போலி மேற்கோள் போதும், உங்கள் பெயர் கெட்டுப்போக. பாதிக்கப்பட்டவர்களை வருணிக்கும்போது அடைமொழிகளை அடுக்காமல், நடந்ததைச் சொல்லுங்கள்.

ஜெசப், நெல்சன் மண்டேலா, குற்றவியல் நீதிமன்ற மாதிரிப் போட்டி போன்ற மூட் கோர்ட்டுகளில் (மாணவர்கள் வழக்கறிஞர்களாக வாதிடும் போட்டிகள்) நீங்கள் எழுதிய மனுவின் ஒரு பகுதியையும் மாதிரியாகக் கொடுக்கலாம். குழுவாக எழுதியதாக இருந்தால் எந்தப் பகுதி உங்களுடையது என்று குறிப்பிடுங்கள்.

ஆறாம் படி: கவர் லெட்டர், நேர்காணல்

கவர் லெட்டர் ஒரு பக்கம் போதும். "சிறுவயது முதலே நீதியின் மீது தாகம்" என்று தொடங்கும் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வரும். அந்தப் பிரிவு இப்போது என்ன வேலையில் இருக்கிறது, அதில் எந்த வேலையை நீங்கள் முதல் வாரத்திலேயே செய்ய முடியும், அதற்கு ஆதாரம் என்ன என்று எழுதுங்கள். "நீதிபதிகள் அறை, வழக்குரைஞர் அலுவலகம், பதிவாளர் அலுவலகம், எங்கே வேண்டுமானாலும்" என்று எழுதினால், உங்களுக்கு அந்த மூன்றின் வேறுபாடு தெரியாது என்று பொருளாகிவிடும். பரிந்துரைக் கடிதம் உங்கள் எழுத்தைத் திருத்திய ஆசிரியரிடமிருந்து வரட்டும். பெரிய பதவியில் இருந்தாலும் உங்களைத் தெரியாதவரின் கடிதம் வெறுமையாகவே இருக்கும்.

நேர்காணலில் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் வரும்: சமீபத்தில் படித்த தீர்ப்பு ஒன்று, ஒரு சிறு சட்டச் சிக்கல், ரகசியம் காப்பது தொடர்பான ஒரு சூழ்நிலை. விடை தெரியாவிட்டால் எப்படித் தேடுவீர்கள் என்று சொல்லுங்கள். அதையும் விடையாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஏழாம் படி: உள்ளே போன பிறகு

2022 ஜூனில் நெதர்லாந்து உளவுத்துறை ஒரு செய்தியை வெளியிட்டது. பிரேசில் நாட்டவர் என்ற பொய் அடையாளத்தோடு குற்றவியல் நீதிமன்றத்தில் இன்டர்னாகச் சேர வந்தவர், ரஷ்ய உளவாளி. நாட்டுக்குள் விடாமலேயே திருப்பி அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தின் கணினி அமைப்பு தாக்கப்பட்டது. பயிற்சியாளரின் மேசைக்கு வரும் தாளுக்கு எவ்வளவு விலை இருக்கிறது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சாட்சியின் பெயர் வெளியே போனால் அவர் குடும்பம் ஆபத்தில் விழும். அதனால் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பக் கூடாது. இணைய மொழிபெயர்ப்புக் கருவியில் ஒரு பத்தியைக்கூட ஒட்டக் கூடாது. அலுவலக மேசையைப் படமெடுத்துப் போடக் கூடாது. வழக்கு நடக்கும்போது சமூக ஊடகத்தில் ஒரு தரப்பைத் தாக்கி எழுதுவதும் நீதிமன்றத்தின் நடுநிலையைச் சந்தேகிக்க இடம்கொடுக்கும்.

மனதைப் பற்றியும் பேச வேண்டும். படுகொலைப் படங்களையும் சித்திரவதை விவரங்களையும் தினம் படிப்பவருக்குத் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சிலருக்கு எதுவுமே உறைக்காமல் போகும். பார்த்த துயரம் நம்மீது படிவது பலவீனம் இல்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் பின்பற்றும் வழிகள் எளியவை: காணொளியை முதலில் ஒலியில்லாமல் சிறிய சாளரத்தில் பாருங்கள், என்ன வரப்போகிறது என்று முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரவு படுக்கப் போகுமுன் அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள், தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள். முடியவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். பல அலுவலகங்களில் உளவியல் ஆலோசகர் இருக்கிறார். இன்டர்னுக்கும் அந்த உதவி உண்டா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

வேலை கொடுக்கும்போது மூன்றைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: யார் படிக்கப் போகிறார்கள், எத்தனை பக்கம், எப்போது வேண்டும். கொடுத்த பின் என்ன திருத்தினார்கள் என்று கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள்.

எட்டாம் படி: கிளம்பும் முன்

கடைசி இரண்டு வாரத்தில் கைமாற்றுக் குறிப்பு ஒன்று எழுதுங்கள். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எது பாதியில் நிற்கிறது, எதைச் சரிபார்க்கவில்லை. உங்களுக்கு அடுத்து வருபவர் அதே 300 பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிராது. உங்கள் வேலையைப் பற்றிச் சி.வி.யில் எதை எழுதலாம் என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "குற்றவியல் பொறுப்பு பற்றிய ஆய்வு" என்று எழுதலாம், வழக்கின் பெயரை எழுதக் கூடாது என்பார்கள் சிலர். அங்கே எழுதிய மெமோவை அடுத்த விண்ணப்பத்துக்கு எழுத்து மாதிரியாக எடுத்துப்போக முடியாது. வேண்டுமானால் அதே சட்டக் கேள்வியை, வெளியிடப்பட்ட தீர்ப்புகளை மட்டும் வைத்து, வீட்டில் உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள்.